அறுபது கிலோ

லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் பத்துக்கிலோ. எடைமேடையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் சீட்டுப் போட்டுக்கொடுத்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் அமையாது. அந்த மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். அதற்குக் குறைந்ததெல்லாம் அதன் கண்ணிலேயே படாது. ஆனால் அந்தப் பத்துக் கிலோ இருக்கிறதே, அதை அவர் ஒருத்தருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. டிரைவர் இறங்காமலே எடை போடப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டுவார். "இறங்குப்பா, உன்னை யாரும் விலைக்குக் கேக்கல" என்பார்.

இன்னொன்றும் உண்டு. மணலையும் பழைய காகிதத்தையும் தண்ணீர் அடித்து நனைத்துக் கொண்டுவந்து எடையைக் கூட்டும் கில்லாடிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இவர் வாயைக் கொடுக்கமாட்டார். எழுந்துபோய் லாரியின் பின்கதவுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். சொட்டுகிறதா, சரி. தார்ப்பாயைத் தூக்கி உள்ளே கையை விட்டு ஒரு அழுத்து. கட்டைவிரல் பதிந்த குழி அப்படியே நின்றால் கையை உதறிக்கொண்டு திரும்பிவிடுவார். "காய வச்சுட்டு வா." அவ்வளவுதான் பேச்சு. கெஞ்சினாலும் நடக்காது, கத்தினாலும் நடக்காது. நனைந்த லோடு அவர் கையைத் தாண்டிப் போனதே இல்லை. இதை இப்போதே காதில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அப்படிப்பட்டவரின் கண் ஒருநாள் மஞ்சளாயிற்று. பிறகு கால் வீங்கியது, வயிறு ஊதியது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கல்லீரல் சுருங்கி இறுகிப்போய்விட்டது, சிரோசிஸ் என்றார்கள். எழுபத்தொரு கிலோவாக உள்ளே போனவர், நீர் வடிந்து, சதை வற்றி, ஐம்பத்திரண்டாக வெளியே வந்தார். டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

குடியா? மனிதர் வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை ஐயா. ரத்தத்தில் ஏதோ ஒரு கிருமி, பத்திருபது வருஷமாக வாடகையில்லாமல் குடியிருந்து உள்ளேயே அரித்திருக்கிறது. சோதித்துப் பார்த்த பிறகு டாக்டரம்மாவுக்குப் புரிந்தது. தெருவுக்குப் புரியவைக்கத்தான் யாராலும் முடியவில்லை. கீழ்வீட்டுக்காரர் தோளைத் தட்டி, "விட்டுட்டீங்களாமே, ரொம்ப சந்தோஷம்" என்றார். ஆரம்பத்தில் இவர் நின்று விளக்கம் சொன்னார். விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் கால் நடுங்கியது, மூச்சு வாங்கியது. பிறகு யார் கேட்டாலும், "ஆமாங்க, விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். செய்யாத தப்பை ஒப்புக்கொள்வது அவருக்கு வேலை மிச்சமாக இருந்தது. கேட்கவே வயிறு எரிகிறது.

இந்தக் களைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் பார்க்கிறவர்கள் யாருக்கும் இது தெரிவதில்லை. வேலை செய்து வருகிற களைப்பு என்றால் படுத்தால் போய்விடும். இது படுத்து எழுந்தால் கூடுகிறது. காலையில் எழுந்து பல் விளக்கிவிட்டு வந்தால் கட்டிலில் உட்கார வேண்டும். சட்டை போட்டால் மூன்றாவது பொத்தானில் கை இறங்கிவிடும். முகச்சவரம் செய்யலாமா வேண்டாமா என்று நினைப்பதிலேயே பாதிக் காலை போய்விடும், கடைசியில் சவரமும் நடக்காது. வீடு முதல் மாடி. பதினெட்டுப் படி. பதினோராவது படியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வழிவிட்டு, யாரையோ எதிர்பார்த்துக் காத்திருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்.

மனைவி திரைச்சீலைக் கடையில் தைக்கிறவள். ஒன்பது மணிக்குப் போய் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடிவருவாள். "என்னங்க பண்ணீங்க?" என்று கேட்பாள். "குளிச்சேன்" என்பார். பொய் இல்லை. காலை முழுக்க அவர் செய்தது அது ஒன்றுதான். அவள் "பரவால்லயே" என்று சொல்லும்போது அவருக்கு அழுகை முட்டும்.

நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார். போனது தப்பு. இரண்டு மணிநேரம் தாக்குப்பிடித்தார். மேடைமேல் ஒரு லாரி ஏறி நிற்கிறது, லோடு எடை விழுந்துவிட்டது, சீட்டு பாதி வந்து தொங்குகிறது. இவர் தலை மேஜையில். பின்னால் மூன்று லாரி ஹாரன் அடித்தும் எழுந்திருக்கவில்லை. முதலாளி ஓடிவந்தார். கெட்டவர் இல்லை. இவரைவிடப் பத்து வயது சின்னவர், அப்பா காலத்திலிருந்து இவரை "அண்ணே" என்றே கூப்பிட்டுப் பழகியவர்.

"அண்ணே, நான் உங்களைப் போகச் சொல்லல. உடம்பைத் தேத்திட்டு வாங்க. இப்ப எத்தனை கிலோ இருக்கீங்க?"

"அம்பத்தி ரெண்டு."

"அறுபது கிலோ வந்ததும் வாங்க. நாற்காலி உங்களுக்குத்தான். மூணு மாசத்துக்கு என் மச்சினனை உக்கார வைக்கிறேன். அதுக்கு மேல அவனையும் என்னால தொங்கல்ல வைக்க முடியாதுண்ணே."

ஏன் அறுபது? எந்த டாக்டர் சொன்னார்? ஒருத்தரும் சொல்லவில்லை. நாள் முழுக்க எடையையே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர், ஆளுக்கும் ஒரு எடையைப் போட்டுவிட்டார். வேறு யாராவதாக இருந்தால் சிரித்திருப்பார்கள். நம்மவர் பயபக்தியோடு தலையாட்டினார். எடைமேடைக்காரர்களுக்கு மட்டும் வருகிற புத்தி இது. எண் விழுந்துவிட்டால் அதற்குமேல் கேள்வி கிடையாது.

அந்த வாரம் போய்ப் பார்த்தபோது டாக்டரம்மாவும் எடை ஏறவேண்டும் என்றுதான் சொன்னார். சதை பிடிக்கணும், முட்டையும் பருப்பும் நிறைய, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பிடணும், உப்பு மட்டும் கூடவே கூடாது, தினமும் காலையில் எடை பார்க்கணும். "மெல்ல ஏறினா நல்லது. சட்டுனு ஏறினாலோ, கால் வீங்கினாலோ, வயிறு பெருத்தாலோ ஒருநாள்கூடத் தள்ளாம வாங்க. இல்லன்னா மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்." கணவனும் மனைவியும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டிவிட்டு வந்தார்கள். மனைவியின் அண்ணன் ஒரு எடை மெஷின் வாங்கிக் கொடுத்தார். அது நூறு கிராம்கூடத் தப்பாமல் காட்டுகிற மெஷின். "நம்ம மேடையைவிட இது கெட்டிக்காரி" என்று முதல்நாள் சிரித்தார்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு காலண்டர். தினமும் காலையில் அவர் மெஷினில் ஏறி நிற்பார், அவள் "எவ்வளவுங்க?" என்பாள், அவர் சொல்லும் எண்ணைக் கட்டத்தில் எழுதுவாள். 52. 52.2. 51.9. 52.1. முதல் மாதம் முழுக்க இதே கதை. ஏறினால் இருநூறு கிராம், இறங்கினால் முந்நூறு. உப்பில்லாத சாப்பாடு தொண்டையில் இறங்கவே இல்லை. நான்கு வாய்க்குமேல் தட்டைத் தள்ளிவிடுவார். அவள் கெஞ்சுவாள், கோபிப்பாள், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை எடுத்துப்போவாள்.

ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் சாப்பாடு ருசித்தது. ஐந்தாவது வாய் போனது, ஆறாவது போனது, தட்டு காலியானது. அவள் எதிரில் உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இவருக்குத் தெரியாதா? நாக்கு என்ன செத்தா போயிற்று? முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. ஒரு சிட்டிகை இல்லை, நன்றாகவே போட்டிருக்கிறாள். கேட்டால் அவள் நிறுத்திவிடுவாள். நிறுத்தினால் மறுபடியும் அந்தச் சக்கை. அதனால் வாயைத் திறக்காமல் கையைக் கழுவினார்.

அதற்குப் பிறகு எண் ஏறத் தொடங்கியது. 53. 53.8. 54.5. வாரத்துக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ. சட்டென்று ஏறவில்லையே, டாக்டரம்மா சொன்ன மாதிரி மெல்லத்தானே ஏறுகிறது? அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது அவருடைய மூன்று பேன்ட்டுகளையும் இடுப்பில் நான்கு அங்குலம் பிடித்துத் தைத்திருந்தாள். இப்போது கடையிலிருந்து வந்ததும் வராததுமாக அந்தத் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். ஒரு அங்குலம் விட்டாள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு அங்குலம். நூலை உருவும்போது வாயில் ஏதோ பாட்டுக்கூட வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பாடி அவர் கேட்டதில்லை.

தெருவும் சேர்ந்துகொண்டது. "ஆளு தேறிட்டாரே!" "முகத்துல களை வந்துருச்சு." கீழ்வீட்டுக்காரர் வயிற்றைப் பார்த்து, "லேசா தொப்பைகூடப் போட்டுருச்சு போல, கண்ணு படப்போகுது" என்றார். ஒருவன் மெலிந்தால் என்ன ஆச்சு என்று நூறு கேள்வி கேட்பார்கள். சதை போட்டால் ஒரு கேள்வியும் கிடையாது, வெறும் சந்தோஷம்தான். இப்படி ஒரு ஜனம்.

57.4 காட்டிய அன்று காலையில்தான் அது நடந்தது. கட்டிலில் உட்கார்ந்து, ராத்திரி குளிருக்குப் போட்டுக்கொண்ட சாக்ஸைக் கழற்றினார். கணுக்காலுக்கு மேலே சாக்ஸின் விளிம்பு ஆழமாக ஒரு கோடு போட்டிருந்தது. கை தானாகப் போனது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், மனம் வேண்டாம் என்றாலும் கை கேட்குமா? காலின் முன்னெலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தி எடுத்தார். குழி விழுந்தது. அப்படியே நின்றது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மூடவில்லை.

நனைந்த லோடு.

சதை இல்லை, ரத்தம் இல்லை, வெறும் தண்ணீர். அந்த நேரம் பார்த்து சமையலறையிலிருந்து அவள் குரல். "எவ்வளவுங்க?" அதில் இருந்த ஆசையை என்னவென்று சொல்ல. இன்னும் இரண்டு கிலோ அறுநூறு கிராம். நாற்காலி, கண்ணாடி ஜன்னல், லாரிக்காரர்களின் சத்தம், மாலையில் வீடு திரும்புகிற ஒரு மனிதனின் நடை, எல்லாம் அந்த இரண்டு கிலோ அறுநூறு கிராமுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவர் பேன்ட்டின் காலை இழுத்து இறக்கிவிட்டார்.

"அம்பத்தி ஏழு நாலு!"

"அடி சக்க!" என்றாள் அவள்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒருத்தருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர் தனக்கு விட்டுக்கொடுத்தார். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பார், மறுநாள் எண் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். படியில் உட்கார்ந்த இடம் பதினொன்றிலிருந்து எட்டானது, எட்டிலிருந்து ஐந்தானது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, "முதுகு வலிம்மா" என்றார்.

வேலைக்குத் திரும்பப் போகிறவருக்குப் புதுச் சட்டை தைக்க வேண்டும் என்று அவள் அளவெடுத்தாள். இடுப்பைச் சுற்றி டேப்பை ஓட்டி, எண்ணை உரக்கச் சொன்னாள். பிறகு மேல்கையைச் சுற்றிப் பிடித்தாள். டேப்பைப் பார்த்தாள். மறுபடி பிடித்துப் பார்த்தாள். எண்ணைச் சொல்லவில்லை. தையல்காரிக்கு டேப் பொய் சொல்லாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது இருந்ததைவிடக் கை மெலிந்திருந்தது. அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "சட்டை கொஞ்சம் தாராளமா இருக்கட்டும், இன்னும் சதை போடுவீங்கல்ல?" என்றாள். இவர் "ஆமாமா" என்றார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பன்னிரண்டாவது வாரத்துக் கடைசியில் மெஷின் 60.1 காட்டியது. அவள் அப்போதே முதலாளிக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை காலையில், புதுச் சட்டை மாட்டி, கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவளே கூட்டிக்கொண்டு போனாள். முதலாளி வாசல்வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மீசைக்கார டிரைவர் ஒருவர் லாரியிலிருந்தே கத்தினார். "பத்துக்கிலோ அண்ணே! தொப்பையும் நீங்களுமா வந்துட்டீங்களே! இனிமே நாங்க பொழைச்ச மாதிரிதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். மச்சினன் நாற்காலியை விட்டு எழுந்து, துண்டால் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். நாற்காலிக்கும் இவருக்கும் நடுவில் நான்கு அடிதான்.

அந்த நேரத்தில் மீசைக்காரர் தன் மணல் லாரியை மேடையில் ஏற்றினார். இவருடைய கண் பின்கதவுக்குப் போனது. சொட்டிக்கொண்டிருந்தது. நாற்காலியில் உட்காராமல் இவர் வெளியே நடந்தார். தார்ப்பாயைத் தூக்கக் கையில் பலம் இல்லை, மீசைக்காரரே வந்து தூக்கிக்கொடுத்தார். உள்ளே கையை விட்டு அழுத்தினார். குழி அப்படியே நின்றது.

"காய வச்சுட்டு வா."

"அண்ணே, வந்த முதல் நாளேவா? மழைண்ணே, நேத்து ராத்திரி ஒரே மழை."

"மழை பெஞ்சா என்ன, குழாயில அடிச்சா என்ன? தண்ணி தண்ணிதானே? தண்ணியை மணல் கணக்குல என்னால எழுத முடியாதுப்பா."

சொல்லி முடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்து ஈரமணல் உதிர்ந்துகொண்டிருந்தது. முதலாளி, "பாத்தியாடா, இதுக்குத்தான் அண்ணன் வேணும்கறது" என்று மச்சினனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி வாசலில் நின்று முகமெல்லாம் பூரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் மேடையின் ஓரத்துச் சிமென்ட் திட்டில் மெதுவாக உட்கார்ந்தார். குனிந்து பேன்ட்டின் காலை மேலே சுருட்டினார். சுருட்டுவதற்கே இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"முதலாளி, இங்க வந்து பாருங்க" என்றார். கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார்.

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீசைக்காரருக்கு விளங்கியது. தார்ப்பாயை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மனைவி ஓடிவந்து முழங்காலிட்டு அந்தப் பேன்ட்டை இழுத்து இறக்கிவிடப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்க, ஒண்ணும் இல்லீங்க" என்று யாரிடமோ சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அன்று மதியமே ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலாம். "ஏன் இத்தனை நாள் வரல?" என்று மட்டும் கேட்டார். வயிற்றில் ஊசி குத்தி, ட்யூப் வழியாகத் தண்ணீரை இறக்கினார்கள். ஆறரை லிட்டர். மீதியை மாத்திரை போட்டு வடித்தார்கள். எட்டு நாள் கழித்து, கிளம்பும்போது எடை பார்த்தார்கள். ஐம்பத்தொன்றரை.

ஆட்டோவில் அவர் கணக்குப் போட்டார். போடாமல் இருக்க முடியுமா? ஏறினது எட்டுக் கிலோ. இறங்கினது எட்டரைக்கும் மேல். இந்த மூன்று மாதமும் ஊரெல்லாம் தேறிவிட்டார் தேறிவிட்டார் என்று சொன்னபோது, தண்ணீருக்கு அடியில் அவர் அரைக் கிலோ கரைந்துகொண்டிருந்திருக்கிறார். பதினெட்டுப் படி ஏறி வீட்டுக்கு வர அரைமணிநேரம் ஆனது.

அன்று அவள் உப்பில்லாமல் சமைத்தாள். இரண்டு தட்டிலும் அதையே போட்டாள். அவர் ஒரு வாய் வைத்தார். அவளும் ஒரு வாய் வைத்தாள், விழுங்க முடியாமல் நிறுத்தினாள்.

"நான் உப்புப் போட்டேங்க" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சேவா சாப்பிட்டீங்க?"

"நீ பாடிட்டு இருந்தே."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கை அளவு எடுத்தேன்ல, அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றாள். "சட்டை எப்ப தைச்சு முடிப்பேன்னு தினமும் கேட்டுட்டு இருந்தீங்க. எப்படிங்க சொல்றது?" சொல்லிவிட்டு அழுதாள். அவருக்கும் அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லை. கண் மட்டும் வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

போன் அடித்தது. முதலாளி.

"அண்ணே, வீட்டுக்கு வந்துட்டீங்களா? எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன் முதலாளி. இப்ப அம்பத்தி ஒண்ணரை." சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். அந்தப் பக்கம் ஒரு லாரி மேடையில் ஏறுகிற சத்தம் கேட்டது. அவரே கேட்டுவிட்டார். "இந்தத் தடவை நான் எத்தனை கிலோ வரணும் முதலாளி?"



"அதெல்லாம் எதுக்குண்ணே? மச்சினனும் ஓரளவு பழகிட்டான். நீங்க எதையும் யோசிக்காதீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க. சும்மா ஒருநாள் இந்தப் பக்கம் வந்து உக்காந்துட்டுப் போங்க, என்ன?"

"சரிங்க முதலாளி" என்று போனை வைத்தார்.

"என்னங்க சொன்னாரு?" என்றாள் அவள். "எத்தனை கிலோவாம்?"

"ஒண்ணும் சொல்லல" என்றார் அவர்.